எமன்சிபேஷன் பூங்காவில் ஒரு பிற்பகல்

சிவப்புச் சோடாவைக் கையில் கொடுத்த மூதாட்டியிடம் விலை கேட்டேன். இன்று இங்கே யாரும் காசு வாங்க மாட்டார்கள் என்று சிரித்தார்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் இன்று ஜூன்டீன்த் விழா; கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதைக் கொண்டாடும் ஜூன் 19. தர்ப்பூசணி, செம்பருத்திப் பானம், சோடா என மேசை முழுவதும் சிவப்பு. அடிமைத்தளையில் சிந்திய இரத்தத்தின் நினைவு என்கிறார்கள்.

1863இலேயே லிங்கனின் விடுதலைப் பிரகடனம் வந்துவிட்டபோதிலும், 1865 ஜூன் 19 அன்று லிங்கன் அரசின் படைத்தளபதி ஜெனரல் கார்டன் கிரேஞ்சர் கால்வெஸ்டன் நகரில் ஆணை பிறப்பித்த பிறகே டெக்சாஸில் அது நடைமுறைக்கு வரத் தொடங்கியது. சொத்துரிமை உட்பட முழுச் சமத்துவம் பேசும் அதே ஆணை, விடுதலை பெற்றவர்கள் இருந்த இடத்திலேயே அமைதியாகத் தங்கிக் கூலிக்கு உழைக்குமாறும் அறிவுறுத்துகிறது. மேடையில் அந்தப் பகுதியையும் விடாமல் வாசித்தது எனக்குப் பிடித்திருந்தது.

இந்த நாளைக் கொண்டாடச் சொந்த இடம் வேண்டுமென்று, பாதிரியார் ஜாக் யேட்ஸ் முதலானோர் முன்னின்று பணம் திரட்டி, 1872இல் இந்தப் பத்து ஏக்கரை வாங்கினார்கள். அத்தனை பேரும் முன்னாள் அடிமைகள்.

அதனாலோ என்னவோ, கூடாரத்தில் நடந்த கலந்துரையாடலும் நிலத்தைப் பற்றியே இருந்தது. உயில் இல்லாமல் தலைமுறைகளாகக் கைமாறிய வீட்டில் ஒரே ஒரு வாரிசின் பங்கை வாங்கும் வெளியாள், நீதிமன்றத்தின் வழியாக முழு வீட்டையும் விற்பனைக்குக் கொண்டுவர முடிவது எப்படி என்றும், வீட்டுவரி ஏற ஏறத் பூங்கா இருக்கும் தேர்ட் வார்டு பகுதியின் பழைய குடும்பங்கள் என்ன செய்வது என்றும் நெடுநேரம் பேசினார்கள்.

உயில் எழுத உதவும் வழக்கறிஞரின் மேசைக்கு முன் நின்ற வரிசை, பார்பெக்யூ வரிசையைவிட நீளம்.