கஞ்சாவை விடப் போனேன், சிகரெட்டையும் விட வைத்தார்கள்

குமுளியில் ஏலக்காய்க் கடையில் எனக்கு வேலை. எங்கள் செட்டில் வெறும் கஞ்சாவை யாரும் இழுப்பதில்லை. சிகரெட்டை உருட்டிப் புகையிலையை உதிர்த்து, உள்ளங்கையில் கஞ்சாவோடு கசக்கி, அதே குழலில் திரும்ப அடைப்போம். சரக்கு மிச்சமாகும், சீராகவும் எரியும். நடுநடுவே சும்மா சிகரெட் வேறு. காலையில் சளி, மூட்டை தூக்கினால் இளைப்பு என்று ஆனதும், கஞ்சாவை விட்டுவிடலாம் என்று கிளம்பினேன்.

பெரிய பயம் போலீஸ்தான். போதையிலிருந்து மீட்பதற்கான கேரள கலால் துறையின் விமுக்தி திட்டத்துக்கு 14405 என்று ஒரு எண் உண்டு. அதில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.க்குப் போனேன். போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவைப் பற்றி அங்கே சொன்னார்கள். பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருந்தால்கூட, தானாக வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுசாக முடிப்பவருக்கு அதில் விலக்கு கிடைக்குமாம். என் மேல் வழக்கே கிடையாது. தைரியமாக உட்கார்ந்தேன்.

டாக்டர் கஞ்சாவைப் பற்றி ஆரம்பிக்கவே இல்லை. “எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?” என்றார். பல் விளக்குவதற்கு முன்னால் என்றேன். அரை மணிக்குள் என்றால் நிக்கோடின் பிடி பலமானது என்று குறித்துக்கொண்டார்.

‘அடக்கிப் பிடிடா’ என்பது எங்கள் செட்டில் எழுதாத விதி. இழுத்த சில நொடியிலேயே கஞ்சாவின் மயக்கப்பொருள் ரத்தத்தில் ஏறிவிடுகிறது, அதற்கு மேல் அடக்குவதால் போதை ஒன்றும் கூடாது, தாரும் கார்பன் மோனாக்சைடும்தான் நுரையீரலில் கூடுதலாக இறங்கும் என்றார். ‘அது மூலிகைதானே சார்’ என்று கேட்டுப் பார்த்தேன். எந்த இலையைக் கொளுத்தினாலும் தார் வரும் என்றார். நுரையீரல் புற்றுநோய் விஷயத்தில் கஞ்சாவைப் பற்றி இன்னும் முடிவான பதில் இல்லை, புகையிலையைப் பற்றிச் சந்தேகமே இல்லை, நீ இரண்டையும் ஒன்றாக இழுக்கிறாய் என்றார். இதயத் துடிப்பை இரண்டுமே ஏற்றும்.

கவுன்சிலர் அக்கா பீர்மேடு எஸ்டேட் தமிழ்க்காரர். “தம்பி, சிகரெட்டை வச்சுக்கிட்டு கஞ்சாவை விட்டா, ஒவ்வொரு சிகரெட்டும் அதைத்தான் ஞாபகப்படுத்தும்” என்றார். அதனால் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினேன்.

முதல் இரண்டு மூன்று நாள் நிக்கோடின் ஆட்டம். யாரைப் பார்த்தாலும் எரிச்சல். அது தணியுமுன்பே கஞ்சாவின் பங்கு சேர்ந்துகொண்டது: தூக்கம் இல்லை, பசி இல்லை, ராத்திரி வியர்வை, கண் அசந்தால் சினிமா மாதிரிக் கனவுகள். கஞ்சாவை விடுவதற்கென்று தனி மாத்திரை இல்லையாம். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடிக்க வேண்டியதுதான், எனக்கும் அப்படித்தான் போனது.

சிகரெட்டுக்குப் பதிலாக 4 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் கொடுத்தார்கள். அதைச் சும்மா மென்றுகொண்டே இருக்கக் கூடாது, விக்கல் வரும். நாக்கில் சுர்ரென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்து, அந்தச் சுர்ரென்பது போனதும் திரும்ப மெல்ல வேண்டும். அதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி ஆகாது.

காபி சமாச்சாரத்தை யாரும் சொல்வதில்லை, அதனால் எழுதுகிறேன். சிகரெட் புகை இருக்கும்வரை கல்லீரல் காஃபினை வேகமாகக் கழித்துவிடும். புகை நின்றால் அதே காபி உடம்பில் ரொம்ப நேரம் தங்கும். படபடப்பையும் தூக்கமின்மையையும் கஞ்சா விட்டதன் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். காபியைப் பாதியாகக் குறைத்ததும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

சாயங்காலம்தான் கஷ்டம். கடை அடைத்ததும் செட் கூடும் இடத்தைத் தாண்டித்தான் வீடு. அந்த நேரத்துக்கு மச்சானை பைக்கோடு வரச் சொல்லிவிடுவேன். செட்டில் ஒருத்தன் இப்போது சூயிங்கம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். 2 மில்லிகிராம் மெடிக்கலிலேயே கிடைக்கும், ஆனால் முதலில் ஓ.பி.க்குப் போ என்று சொல்லியிருக்கிறேன்.