பொருள் இல்லை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு 11.52க்கு எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பொருள் வரி காலி. உள்ளே ஓர் எழுத்துகூடக் கிடையாது. ‘ஃபைனல் 2 புதியது’ என்ற பெயரில் ஒரு பிடிஎஃப் மட்டும் அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நடிகரின் பட்டப்பெயரும் பக்கத்தில் 2005 என்ற எண்ணும்.

நான் இயற்பியல் நடத்துகிறேன். மூன்றாம் ஆண்டில் 64 பேர். அத்தனை பேரும் புராஜெக்ட் அறிக்கையை அந்த ஓர் இரவில்தான் அனுப்புவார்கள். முகப்புப் பக்கத்திலாவது பெயர் இருக்கும் என்று திறந்தால் முகப்புப் பக்கத்தையே காணோம். திங்கட்கிழமை வகுப்பில் அச்செடுத்துப் போய், “இது யார் பெற்ற பிள்ளை?” என்று தூக்கிக் காட்டினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. “அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேனே மேடம்.”

வாட்ஸ்அப்பில் ஆள் யார் என்று மேலேயே தெரிகிறது. நேற்றுப் பேசியதும் அங்கேயே கிடக்கிறது. மின்னஞ்சல் தனியாக வந்து வாசலில் நிற்கும். எந்த ஊர், என்ன காரியம் என்பதை அதுவேதான் சொல்லியாக வேண்டும்.

இத்தனைக்கும் இவர்கள் எல்லோரும் பள்ளியில் தெருவிளக்கைச் சரிசெய்து தரக் கோரியும் நூலகம் அமைத்துத் தரக் கோரியும் விண்ணப்பம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். ஒரு மாணவி அதை அப்படியே மின்னஞ்சலில் இறக்கியிருந்தாள். இரண்டு முகவரிகள், பின்கோடு, இடம், நாள், கடைசியில் பெட்டி கட்டி உறைமேல் முகவரிகூட. சிரிப்பு வந்தது. ஆனால் அவள் யார், அவளுக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்குப் பிடித்த அஞ்சல் ஒன்றைச் சொல்கிறேன். பொருள்: ‘பரிந்துரைக் கடிதம் – எம்.எஸ்சி. விண்ணப்பம் – கடைசி நாள் மார்ச் 14’. உள்ளே நான்கே வரிகள். பெயர், வகுப்பு, பதிவு எண். என்னிடம் எந்தப் பருவத்தில் ஒளியியல் படித்தாள் என்ற குறிப்பு. மதிப்பெண் பட்டியலை இணைத்திருக்கிறேன், இந்த மாதம் 10ஆம் தேதிக்குள் தர இயலுமா என்ற கேள்வி. அன்று மாலையே எழுதிக் கொடுத்தேன். அதே வாரம் இன்னொருவன், “லெட்டர் வேண்டும் மேடம், அவசரம்” என்று எழுதியிருந்தான். என்ன லெட்டர், யாருக்கு, என்றைக்கு என்று கேட்டுப் பதில் வாங்கவே மூன்று நாள் போய்விட்டது.

நான்கு வரிகளையும் அவள் தமிழில் எழுதியிருந்தாள். தமிழில் எழுதினால் மரியாதைக் குறைவு என்று பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய காய்ச்சல் விண்ணப்பத்தில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் அழிக்கப்படாமல் வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் அப்பா தாலுகா அலுவலகத்தில் தட்டச்சர். தாள்களுக்கு நடுவே கார்பன் தாள் செருகி ஒரே அடியில் மூன்று பிரதி எடுப்பார். கடிதத்தின் அடியில் ‘நகல்’ என்று போட்டு யார் யாருக்குப் போகிறது என்று வரிசையாக இருக்கும். இன்றைய மின்னஞ்சலில் பெறுநருக்குக் கீழே இருக்கும் சிசி அந்தக் கார்பன் நகலேதான். பிசிசி என்பது அந்த வரிசையில் பெயர் வராமல் போகும் நகல். கூட்டலில் இரண்டு மதிப்பெண் விட்டுப்போனது என்று ஒருவன் எனக்கு எழுதிய முதல் அஞ்சலிலேயே கல்லூரி முதல்வருக்கு நகல் வைத்துவிட்டான். தவறு என்னுடையதுதான், திருத்திவிட்டேன். ஆனாலும் சட்டையைப் பிடித்து நிறுத்தி மணி என்ன என்று கேட்டதுபோல் இருந்தது.

நானும் யோக்கியமில்லை. விடுமுறை நாளில் கூட்டம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தபோது, பக்கத்துத் துறைத் தோழிக்கு மட்டும் என்று நினைத்து, “இதற்கு வீட்டில் மாவு அரைக்கலாம்” என்று பதில் எழுதினேன். ‘அனைவருக்கும் பதில்’ என்ற பொத்தான் அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யார் கண்டார்கள்? கூட்டத்தன்று முதல்வர் என்னைப் பார்த்து, “மாவு அரைத்தாயிற்றா?” என்றார். அன்றே ஜிமெயில் அமைப்புகளுக்குள் போய், அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தை 5 விநாடியிலிருந்து 30 ஆக்கினேன். அதற்கு மேல் தரமாட்டார்கள். பெறுநர் முகவரியையும் இப்போது கடைசியில்தான் நிரப்புகிறேன்.

கோப்பு 25 எம்பியைத் தாண்டினால் ஜிமெயில் அதை கூகுள் டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். பார்க்கும் அனுமதியையும் சேர்த்துக் கொடுங்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு உங்கள் கதவைத் தட்டி அனுமதி கேட்டுக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

கடைசி பெஞ்சுக்காரனுக்கு வருகிறேன். 1971இல் கணினிக்குக் கணினி மின்னஞ்சல் அனுப்ப வழி செய்த ரே டாம்லின்சன், முகவரிக்கு @ குறியைத் தேர்ந்தெடுத்தபோது அதற்கு இடப்பக்கம் ஆளின் பெயர், வலப்பக்கம் கணினியின் பெயர் என்பதுதான் ஏற்பாடு என்று அவனிடம் சொன்னேன். இரண்டு நாளில் புது முகவரியிலிருந்து அறிக்கை வந்தது. அவன் பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்துவிட்டதால் அப்பாவின் முதலெழுத்தையும் பதிவு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களையும் சேர்த்திருந்தான். பொருள் வரி இருந்தது. முகப்புப் பக்கமும் இருந்தது. அடியில் ஒரு வரி: “பழைய முகவரியை என்ன செய்வது மேடம்?”

பிரியாணி வரவழைக்க வைத்துக்கொள் என்று பதில் போட்டேன். அவனுக்கு மட்டும்தான் போகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.