நீட் கைவிட்ட பிறகு நான் அனுப்பிய இன்னொரு விண்ணப்பம்

பிளஸ் டூ முடித்த ஆண்டு நீட் தேர்வில் தகுதி பெற்றேன், எம்.பி.பி.எஸ். இடம் கிடைக்கவில்லை. தகுதி மதிப்பெண் வேறு, இடம் கிடைக்கும் மதிப்பெண் வேறு என்பது காங்கேயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புச்சி அதற்குள் ஊர் முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டார்.

அதே வாரம் ஏஜென்ட் ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ்., உடனே அட்மிஷன். அப்பா தென்னந்தோப்புக்கு விலை கேட்கத் தொடங்கியிருந்தார். அந்தப் பட்டம் இந்தியாவில் செல்ல வேண்டுமென்றால் படிப்பு 54 மாதங்களுக்குக் குறையக்கூடாது, ஆங்கில வழியில் இருக்க வேண்டும், அங்கேயே 12 மாதப் பயிற்சி முடிக்க வேண்டும் என்பதெல்லாம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறை. திரும்பி வந்தபின், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். மாமன் மகன் அதை மூன்றாம் முறைதான் தேறினார். ஏஜென்டிடம் அந்தத் தேர்வைக் கேட்டேன். “அதெல்லாம் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மிணி” என்றார். அப்பா எதுவும் சொல்லாமல் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். தோப்பு தப்பியது.

மறுபடி எழுதுவது என்று முடிவானது. இதைத் தீர்மானிக்கும் முன் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு உங்கள் விடைத்தாளைப் பாருங்கள். மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். எனக்கு உயிரியலின் 90 கேள்விகள் கைகொடுத்தன; இயற்பியலின் 45 கேள்விகள் கவிழ்த்துவிட்டன. ஒரே பாடம் இழுத்துவிட்டது என்றால் இன்னோர் ஆண்டு கொடுக்கலாம். மூன்று பாடமும் ஒருசேரத் தள்ளாடினால் மறுபடி கோச்சிங் விடுதிக் கட்டணம் கட்டுவதில் அர்த்தமில்லை என்பது என் எண்ணம். எனக்கு மதிப்பெண் ஏறியது, ஆனால் போதவில்லை.

முதல் ஆண்டு நான் செய்த பெரிய தவறு வேறு. கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தனி விண்ணப்பம், தனி நாள். தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீதத்துக்குத்தான் நீட். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வு முடியட்டும் என்று காத்திருந்து அந்த நாளைக் கோட்டைவிட்டேன். அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்தே அறிவிப்பைத் தினமும் பார்த்து, பழைய மதிப்பெண்ணோடு விண்ணப்பித்தேன். நாமக்கல்லில் இடம் கிடைத்தது. இப்போது உடுமலைப்பேட்டையிலும் கல்லூரி இருக்கிறது. நாலரை ஆண்டு வகுப்பு, ஓராண்டு பயிற்சி.

“மாட்டு டாக்டரா?” என்று அத்தை உதட்டைப் பிதுக்கினார். என் பயிற்சி ஆண்டின் ஐப்பசி மழையில் அவர் வீட்டு மாட்டுக்குத்தான் கன்று திரும்பாமல் நின்றது. மூத்த மருத்துவருடன் பயிற்சியில் போயிருந்தேன். தோள்வரை உறை போட்டுக் கையை விட்டால், மடங்கிக் கிடந்த ஒரு முன்னங்கால் தட்டுப்பட்டது. குளம்பை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, கருப்பையைக் கிழித்துவிடாமல் அதை நீட்ட வைப்பதற்குள் கை மரத்துப்போனது. கன்று உயிரோடு விழுந்தது. அத்தை சீம்பால் கொடுத்தனுப்பினார்.

கால்நடைப் படிப்பில் சேர்ந்தால் பின்னால் எம்.பி.பி.எஸ்.ஸுக்குத் தாவலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. மறுபடியும் நீட்தான். சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதிக்கும் நீட் வேண்டும். நர்சிங், பார்மசி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணில் கிடைக்கும்.

சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் தேர்வு முடிந்த கையோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். முடிவு வந்தபின் போனால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும்.