கொழும்பில் விழுந்த அடியும் மண்டபம் முகாமும்

ராமேசுவரம் அருகே மண்டபம் அகதி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்கள் ஏன் இன்னும் ஊர் திரும்பவில்லை என்று கேட்கும் இளையவர்களுக்கு 1987 ஜூலை 30-லிருந்து சொல்ல வேண்டும்.

முந்தின நாள்தான் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இனப்போரை நிறுத்துவதற்கான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள். அதன் 2.16-ஆம் பிரிவில் நம் கரையைத் தொடுகிற வரி ஒன்று உண்டு: தமிழ்நாட்டிலிருக்கும் அகதிகளைத் திருப்பி அனுப்புவது. 1983 முதல் அதுவரை 1 லட்சத்து 34 ஆயிரம் பேர் வந்திருந்தார்கள்.

ராஜீவ் கிளம்பும் முன் இலங்கைக் கடற்படையின் அணிவகுப்பு மரியாதை. இந்தச் சடங்கில் விருந்தினர் சிப்பாய்களின் கைக்கெட்டும் தூரத்தில் நடப்பார்; மெய்க்காவலர்கள் சற்றுத் தள்ளித்தான் வர முடியும். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதே பாதுகாப்பு. ஆனால் திருப்பிப் பிடித்தால் அது உலக்கை. விஜித ரோஹண என்ற சிப்பாய், ராஜீவ் தன்னைக் கடந்த நொடியில் அப்படித்தான் ஓங்கினார். கடைக்கண்ணில் அசைவு தெரிந்து ராஜீவ் குனிந்தார். தலைக்கு வந்தது தோளோடு போயிற்று. அன்றே டெல்லி திரும்பினார். அன்றேதான் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையும் யாழ்ப்பாணத்தில் இறங்கியது.

ஓங்கியது ஒரு கை. ஒப்பந்தத்தின் மீதான கோபம் சிங்களர் வாழும் தெற்கு முழுக்க இருந்தது. இலங்கைப் பிரதமர் பிரேமதாசாவே கையெழுத்து விழாவுக்கு வரவில்லை. ஆகஸ்ட் 18-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ஜெயவர்த்தனா இருந்த அறையில் கையெறி குண்டுகள் வீசப்பட்டன. அவர் தப்பினார், இருவர் இறந்தார்கள். அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்குமே போர் மூண்டது.

1988 டிசம்பர் அதிபர் தேர்தலைக் கவனிக்க வேண்டும். முன்னணியில் நின்ற பிரேமதாசா, முன்னாள் பிரதமர் சிறிமாவோ இருவருமே இந்தியப் படையைத் திருப்பி அனுப்புவோம் என்றுதான் ஓட்டுக் கேட்டார்கள். என் பார்வையில், ஒப்பந்தம் அங்கேயே தோற்றுவிட்டது. வென்ற பிரேமதாசா, 1989 ஜூலை 29-க்குள், அதாவது ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டு நிறைவுக்குள், படை வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். கடைசி அணி 1990 மார்ச் 24-ல் கப்பலேறியது. இராணுவ நீதிமன்றத்தில் 6 ஆண்டு தண்டனை பெற்ற ரோஹண, பிரேமதாசாவின் மன்னிப்பில் பாதியிலேயே வெளியே வந்தார்.

இதற்கிடையே அகதிகளில் 25 ஆயிரம் பேர் ஊர் திரும்பியிருந்தார்கள். 1990 ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் மறுபடி போர். ராமேசுவரம் கரைக்குப் படகுகள் வரத் தொடங்கின. இந்தமுறை வந்தவர்கள் 1 லட்சத்து 22 ஆயிரம் பேர்.