கேலரிக்குக் கேட்கணும்

நம் பள்ளியிலிருந்து சென்ட்ரல் பக்கம் நடந்தவர்கள் எல்லாருக்கும் அந்தச் சிவப்புக் கட்டிடத்தைத் தெரியும். வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகைக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் விக்டோரியா பப்ளிக் ஹால். என் தாத்தாவுக்கு அது டவுன் ஹால்தான். நாங்களோ அதை ஏறெடுத்துப் பார்த்ததில்லை. பக்கத்திலேயே உயிர்காலேஜ் என்று நாங்கள் சொன்ன மிருகக்காட்சிசாலையும் மூர் மார்க்கெட்டும் இருக்கும்போது பூட்டிக் கிடக்கும் கட்டிடத்தை எந்தப் பையன் பார்ப்பான்?

பார்க்க வைத்தவர் நம் தமிழ் ஐயா. 1978 ஆண்டு விழாவுக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து ஒரு காட்சியைப் போடச் சொன்னார். ஒத்திகையில் என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டவில்லை. ஐயா திட்டவில்லை. சனிக்கிழமை மதியம் எங்கள் நாலு பேரையும் டவுன் ஹாலுக்குக் கூட்டிப் போனார்.

உள்ளே நுழையுமுன் அரை மணி நேரம் வெளியிலேயே நிறுத்தி வைத்தார். "அண்ணாந்து பாருங்கடா. இது சர்க்கார் கட்டிக் கொடுத்தது இல்லை. ஊர்க்காரங்க கேட்டுக் கட்டிக்கிட்டது." 1882இல் பட்டணத்துப் பெரியவர்கள் பச்சையப்பன் மண்டபத்தில் கூடி, நமக்கென்று ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று முடிவு செய்து நன்கொடை திரட்டினார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். விக்டோரியா மகாராணி அரியணை ஏறிய பொன்விழாவை ஒட்டித்தான் அந்தப் பெயர் வந்து சேர்ந்தது.

வரைந்தவர் ராபர்ட் சிசோம். திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவரும் அவரே. கேரளப் பக்கத்து வீடுகளின் சரிவான கூரைதான் இங்கே 34 மீட்டர் கோபுரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கீழே மூன்று பக்கமும் வளைவுத் தாழ்வாரம். தலையில் இலைக்கொத்து செதுக்கிய ஒல்லித் தூண்கள். கோபுரத்தின் மேல் விளிம்பில் சுடுமண் பூவேலை. கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். உயர் நீதிமன்றமும் அவர் கைவேலைதான். எனக்கு ரிப்பன் மாளிகையைவிட இதுதான் பிடிக்கும். அது தூர நின்று பார்ப்பதற்கானது. இதில் கிட்டே போய்ச் செங்கல்லின் மேல் கை வைக்கலாம். வெயில் இறங்கிய பிறகும் சூடு இருக்கும்.

காவலாளி ஐயாவுக்குத் தெரிந்தவர். "சீக்கிரம் வந்துடுங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டார். மாடிக் கூடத்தில் புறாக்கள் சடசடவென்று எழும்பின. அறுநூறு பேர் உட்காரும் இடம், ஒரு நாற்காலி இல்லை. கிழக்குப் பக்கம் மரத்தில் செய்த கேலரி. ஐயா அதில் ஏறி நின்றுகொண்டார். நான் எதிர்க்கோடியில்.

"சொல்லுடா."

சொன்னேன்.

"கேட்கலை."

கத்தினேன். கூடமே இரைந்தது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. "கத்தாதே. ஒவ்வொரு எழுத்தையும் முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போ. சுகுண விலாச சபைக்காரங்க இங்கே மைக் வச்சா நடிச்சாங்க?" அந்த நாடகக் குழுவில், பகலில் கோர்ட்டில் வாதாடிய வக்கீல்கள் ராத்திரி இங்கே வேஷம் கட்டினார்கள் என்று அப்புறம் சொன்னார். சபையைத் தொடங்கிய சம்பந்த முதலியாரே வக்கீல்தானே. 1896இல் ஸ்டீவன்சன் என்பவர் பட்டணத்துக்குச் சலனப் படத்தைக் காட்டியதும், 1897இல் விவேகானந்தர் பேசியதும் இந்த மண்டபத்தில்தான். எனக்கு அவையெல்லாம் அன்றைக்கு மனதில் நிற்கவில்லை. ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, கேலரியிலிருந்து "சரி" என்று ஒரு குரல் வந்தது. அதுதான் நின்றது.

1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. உயிர்காலேஜ் வண்டலூருக்குப் போனது. நான் சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் ஹாலின் சுவரில் செடி கொஞ்சம் உயர்ந்திருக்கும். பிறகு மெட்ரோவுக்காகச் சுற்றிலும் தோண்டியிருந்தார்கள். போகப் போகப் பார்க்காமலே கடக்கப் பழகிக்கொண்டேன். மாநகராட்சி 32.62 கோடி ரூபாயில் புதுப்பிக்கிறது என்று 2023இல் படித்தபோது, அலுவலகத்தில் இருந்தபடியே கண் கலங்கிவிட்டது.

இங்கே சிங்கப்பூரில் விக்டோரியா தியேட்டரும் 1862இல் நகர மண்டபமாகத் தொடங்கியதுதான். அங்கே தமிழ் நாடகம் பார்க்கப் போகும்போதெல்லாம் கடைசி வரிசையில் டிக்கெட் எடுக்கிறேன். அங்கே வரை வார்த்தை முழுசாக வந்தால் ஐயா நினைப்பு வரும்.

அன்றைக்கு என்னோடு வந்த மூவரில் இருவர் இந்த மலரைப் படிப்பார்கள். ஜனவரியில் ஊருக்கு வருகிறேன். முடிந்தால் வாருங்கள், ஒன்றாக மாடிக்குப் போவோம். கேலரியில் யாராவது ஒருவர் ஏறி நில்லுங்கள். எனக்கு அந்த வசனம் இன்னும் மனப்பாடம்.