11.43

2023 ஜூலை 4

மெடிக்கல் போர்டு. காத்திருந்தது காலை முழுக்க, பார்த்தது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. கட்டை அவிழ்க்கவே சொல்லவில்லை. "இடது கை, முழங்கைக்குக் கீழே துண்டிப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் டாக்டர். எத்தனை சென்டிமீட்டர் கீழே என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குப்பா உனக்கு?" என்றவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

ஜூலை 5

எதுக்கென்றால் இதற்குத்தான். 1923-ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடம்பை விலைப்பட்டியல் மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டை விரல் போனால் 30 சதவீதம். தோளோடு போனால் 90. முழங்கை நுனியிலிருந்து 11.43 செ.மீ.க்குக் குறைவாக மிச்சம் இருந்தால் 70. 11.43-ஓ அதற்கு மேலோ இருந்தால் 60, அதாவது மணிக்கட்டோடு போனவனுக்கும் எனக்கும் ஒரே கணக்கு. அதென்ன 11.43 என்று பார்த்தால், நாலரை அங்குலம்.

ராத்திரி டேப் எடுத்து அளந்தேன். முழங்கையை மடக்கி, எலும்பு முனையில் அழுத்திப் பிடித்தால் 11.2. கொஞ்சம் தளர்த்தினால் 11.6. நுனியில் மடித்துத் தைத்த தோலைச் சேர்ப்பதா, எலும்போடு நிறுத்துவதா? அட்டவணையில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. டேப்பின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அளந்தால் எந்த அளவும் வரும். "போதும், படுங்க" என்றாள் மனைவி. நீ பிடி என்றேன். பிடித்தாள். எண்ணைச் சொல்ல மாட்டேன் என்றாள்.

ஜூலை 6

11.3.

ஜூலை 11

வக்கீல் மேடம் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார். கைக்கு வந்தது பதினெட்டாயிரம் என்றாலும் சட்டம் 15,000 வரைதான் சம்பளம் என்று ஒத்துக்கொள்ளும். 2020-க்கு முன்னால் அதுவும் 8,000-தானாம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. 35 வயதுக்கான காரணி 197.06. பெருக்கினால் 17,73,540. ஆனால் அது முழு ஊனத்துக்கு. எனக்கு அதில் 60 சதவீதம் என்றால் 10,64,124. 70 சதவீதம் என்றால் 12,41,478.

இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு 1,77,354 ரூபாய்.

ஆபரேஷன் செய்த டாக்டரை நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கையை மிச்சம் பிடிக்க முடியுமோ அவ்வளவு மிச்சம் பிடித்தேன், பின்னால் செயற்கைக் கை மாட்ட நீளம் வேண்டும் என்றார். நல்ல மனுஷன். அவர் இன்னும் கொஞ்சம் அவசரக்காரராக இருந்திருந்தால் கேஸுக்கு நல்லதாக இருந்திருக்கும். இப்படியெல்லாம் யோசிக்க வைக்கிறது இந்த அட்டவணை.

ஜூலை 13

மூன்று மணி. இடது கை விரல்கள் இறுக்கி மூடிக்கொண்டிருக்கின்றன. நகம் உள்ளங்கையில் இறங்குகிறது. எந்த உள்ளங்கை?

ஜூலை 14

பிசியோவிடம் சொன்னேன். ஆச்சரியப்படவே இல்லை. நிறையப் பேருக்கு இருக்குமாம். ராமச்சந்திரன் என்று நம்மூர்க்காரர், அமெரிக்காவில் இருக்கும் நரம்பியல் பேராசிரியர், 90-களில் இதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி செய்தாராம். இவரிடம் பெட்டி இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடிதான். அதை மேஜையில் குறுக்கே நிறுத்தினார். இடது பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்தது. வலது கையை மூடித் திறக்கச் சொன்னார். கண்ணாடியில் இடது கை மூடித் திறந்தது. ரோமம், மச்சம், எல்லாம் இடம் மாறி, என்னுடையதேதான். நாலைந்து தடவைக்கு அப்புறம் அந்த இறுக்கம் விட்டது. நிஜமாகவே விட்டது. வெளியே வந்ததும் மறுபடி மூடிக்கொண்டது, அது வேறு விஷயம்.

ஜூலை 19

கம்பெனி பதில் மனு போட்டுவிட்டது. மேடம் வாட்ஸப்பில் அனுப்பியதை பஸ்ஸில் நின்றபடியே படித்தேன். ஒற்றைக் கையால் கம்பியைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா? இறங்கிவிட்டேன்.

ஒன்று: நான் அவர்கள் ஆளே இல்லையாம், காண்ட்ராக்டர் ஆளாம். நான்கு வருஷம் அவர்கள் யூனிஃபார்மில் அவர்கள் பிரஸ் மெஷினை ஓட்டியிருக்கிறேன். காண்ட்ராக்டர் என்பவர் சம்பள நாளில் மட்டும் வரும் ஒரு பைக். இதற்கு மேடம் கவலைப்படவில்லை. 12-ஆம் பிரிவுப்படி முதலில் கொடுக்க வேண்டியது கம்பெனிதான், அப்புறம் காண்ட்ராக்டரிடம் வசூல் பண்ணிக்கொள்ளட்டும் என்றார்.

இரண்டு: பாதுகாப்பு கார்டை, அதாவது கை உள்ளே போகாமல் தடுக்கும் மறைப்பை, நானே வேண்டுமென்று கழற்றிவிட்டு ஓட்டினேனாம்.

கார்டு இருந்தால்தானே கழற்ற. நான் சேர்ந்த அன்றைக்கே அந்த மெஷினில் நான்கு போல்ட் ஓட்டைதான் இருந்தது. கை போன அன்று ஷிஃப்ட் ஏறினதுமே சொன்னேன், மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பிரஸ் இன்னொரு தடவை இறங்குகிறது, டபுள் அடிக்கிறது, கிளட்ச் சாவி தேய்ந்திருக்கும், பாருங்கள் என்று. இன்சார்ஜ் மெஷினைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார். "லோடு போகணும், ஓட்டு."

வேண்டுமென்று. அந்த வார்த்தையை ஒரு வக்கீல் உட்கார்ந்து டைப் அடித்திருக்கிறார்.

ஜூலை 20

பக்கத்து மெஷின் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அன்று மெஷினை நிறுத்தினவர் அவர்தான். துணியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினவரும் அவர்தான்.

ஜூலை 21

எடுக்கவில்லை.

ஜூலை 27

இன்றைக்கு மேடத்தின் முகத்தில் ஒரு தெளிச்சல். 1975-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தச்சர் வழக்கு. அவருக்கும் இடது கைதான், முழங்கைக்கு மேலே போயிருக்கிறது. அட்டவணையைக் காட்டி வாதாடினது முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் இது முழு ஊனம், 100 சதவீதம் என்று தீர்ப்பு. கையை அளக்கவில்லை, வேலையை அளந்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு நெளிவும் இருக்கிறது. கார்டைக் கழற்றினான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்கிற சாக்கெல்லாம் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் செல்லாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அதாவது 100 என்று நிரூபித்துவிட்டால் கார்டு கதை தானாக விழுந்துவிடும். 60-இலோ 70-இலோ நின்றால் அந்தக் கதையோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஒழுங்கான பிரஸ் எப்படி இருக்கும் என்று மேடம் கேட்டார். இரண்டு பக்கமும் பட்டன் இருக்கும், இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும், அப்போது கை டையில், அதாவது அழுத்தும் அச்சுக்குள், இருக்க வழியே இல்லை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். "அப்ப பாதுகாப்பான பிரஸ்ல உங்களால வேலையே பார்க்க முடியாது. பாதுகாப்பில்லாத பிரஸ்ல மட்டும்தான் முடியும். அப்படித்தானே?"

எனக்கு இது தோன்றவே இல்லை. வீடு வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

டேப்பை அலமாரியில் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 2

காண்ட்ராக்டர் வீட்டுக்கே வந்தார், ஸ்டாம்ப் பேப்பரோடு. மூன்று லட்சம் ரொக்கம், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்து. "கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சா பிள்ளை காலேஜ் போறப்பதான்பா காசு வரும்." பிள்ளை இரண்டாம் வகுப்பு.

மாமா (அவளுடைய அண்ணன்) வாங்கிக்கோ என்கிறார். அவருக்கும் கடன் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குக் கொடுத்ததும் அதில்தான். மேடம் போனில் ஒரே போடாகப் போட்டார்: உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் எந்த ஒப்பந்தமும் 17-ஆம் பிரிவில் செல்லாது. ஆனால் கையெழுத்துப் போடாதீங்க, அதைக் காட்டியே ஒரு வருஷம் இழுப்பாங்க.

மூன்று லட்சத்தை மேஜையில் வைத்துக் காட்டினான் அந்த ஆள். ஐந்நூறு ரூபாய்க் கட்டுகள். அவள் தண்ணீர் கொண்டு வந்தவள் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3

அவள் பேசவில்லை. நானும்.

ஆகஸ்ட் 10

செயற்கைக் கைக்கு அச்சு எடுத்துச் செய்த சாக்கெட் லொடலொட என்கிறது. சதை வற்றிவிட்டதாம், முதல் வருஷம் அப்படித்தானாம், இன்னும் சுருங்கும், மறுபடி அச்சு எடுக்க வேண்டும் என்கிறார்கள். சுற்றளவுதானே குறையும், நீளம் குறையாதே என்று கேட்டேன். டெக்னீஷியன் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். 11.4.

ஆகஸ்ட் 18

அண்ணன் வந்தார். இருட்டினப்புறம், பின்வாசல் வழியாக. சாட்சி சொன்னால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும், பொண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது தம்பி என்றார். நான் என்ன சொல்ல? தலையை ஆட்டினேன். போகும்போது வாசல்படியில் நின்று ஒன்று சொன்னார்: மெயின்டனன்ஸ் ரெஜிஸ்டரில் அந்த வாரம் முழுக்க "7-ஆம் நம்பர் டபுள்" என்று எழுதியிருக்கிறது, எழுதினதே நான்தான் என்றார்.

ஆகஸ்ட் 23

தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் இன்சார்ஜ் குறுக்கு விசாரணை. என்னைப் பார்க்காமலேயே பதில் சொன்னார். கார்டு இருந்ததா? இருந்தது. எப்போது வாங்கியது? ஞாபகம் இல்லை. பில் இருக்கிறதா? ஆபீஸில் கேட்க வேண்டும். மெஷின் டபுள் அடிப்பதாக யாராவது புகார் சொன்னார்களா? இல்லை. ரெஜிஸ்டர் உண்டா? கொஞ்சம் நிறுத்தி, உண்டு என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, இடது கைதானே சார், மனுதாரர் வலது கைக்காரர், சூப்பர்வைசர் வேலைகூடப் பார்க்கலாம் என்றார். எட்டாவது படித்தவனுக்கு எந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை தருவார்கள் என்று மேடம் கேட்டார், நீங்களே தருகிறீர்களா, எழுதிக் கொடுங்கள். உட்கார்ந்துவிட்டார்.

ரெஜிஸ்டரைத் தாக்கல் செய்யச் சொல்லி அங்கேயே மனு கொடுத்தோம். பழைய ரெஜிஸ்டரெல்லாம் கோடவுனில் இருக்கிறது, தேட வேண்டும் என்று அவகாசம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாய்தா செப்டம்பர் 13. அதற்குள் புதிதாக ஒரு ரெஜிஸ்டர் எழுதிவிட மாட்டார்களா என்றேன். எழுதட்டும், எழுத்து யாருடையது என்று பார்ப்போம் என்கிறார் மேடம்.

அண்ணனின் கையெழுத்து எனக்குத் தெரியும். '7'க்கு நடுவில் ஒரு கோடு போடுவார்.