தோற்ற டீமைக் கலைத்த கதை

அக்கா மகள் போன செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குச் சேர்ந்தாள். வீட்டில் எல்லோரும் ஃபீஸ், குளிர், ஊறுகாய் என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, கௌதம்புரத்து மாமா கேட்ட ஒரே கேள்வி, "அந்தக் காலேஜ் ஃபுட்பால் டீம் எப்படிடா?"

கௌதம்புரம் தெரியாதவர்களுக்காக: பெங்களூரு அல்சூர் பக்கம், புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசாவோடு பெலேவுக்கும் சிலை வைத்திருக்கும் ஏரியா அது. மாமா பத்தாவது ஃபெயில். பந்து உதைத்தே ஒரு பொதுத்துறை ஃபேக்டரியில் வேலை வாங்கி, அதிலேயே ரிட்டயரும் ஆனவர். மாடிப்படி ஏறினால் இடது முட்டி இன்றைக்கும் டக் டக்கென்று சத்தம் போடும்.

அங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். "எதுவா இருந்தா என்ன, ஜெயிச்சாங்களா?" என்றார். சரி என்று தேடிப் படிக்க ஆரம்பித்தவன் ராத்திரி இரண்டு மணி வரை தூங்கவில்லை.

1892-இல் வகுப்புகள் தொடங்கிய வருஷமே அலோன்சோ ஸ்டாக் என்பவரைக் கோச்சாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நாற்பது வருஷம் இருந்தார், ஏழு முறை அந்த வட்டாரச் சாம்பியன்ஷிப். 1905-இல் மிச்சிகன் டீம் 56 ஆட்டமாகத் தோல்வியே பார்க்காமல் வந்து நின்றபோது அதை 2-0 என்று முடித்துவைத்தது இவர்கள்தான். மனிதர் வேலையில் இருக்கும்போதே மைதானத்துக்கு ஸ்டாக் ஃபீல்ட் என்று அவர் பெயரை வைத்துவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1935-இல் ஜே பெர்வாங்கர். இன்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிதாக மதிக்கப்படும் ஹைஸ்மன் விருதை முதன்முதலாக வாங்கியவர். அடுத்த வருஷம் அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் முதல் தடவையாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயரே இவருடையதுதான். சம்பளம் ஒத்துவராததால் போகவில்லை, பிற்பாடு ஃபோம் ரப்பர் வியாபாரத்தில் இறங்கிவிட்டார். அந்த ஹைஸ்மன் கோப்பையை அவருடைய அத்தை கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம். மாமாவுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் வீட்டில் ஷீல்டு ஒன்று அரிசி டிரம்மின் மூடிமேல் கிடக்கிறது.

இதற்குள் ராபர்ட் ஹட்சின்ஸ் வந்திருந்தார், 1929-இல், முப்பது வயதில் பல்கலைக்கழகத் தலைவராக. 1932-இல் எழுபது வயதாகிவிட்டது என்று ஸ்டாக்கை அனுப்பிவைத்தார்கள். (அவர் கலிஃபோர்னியா போய் 84 வயது வரை கோச்சாக இருந்தது தனிக்கதை.) மற்ற பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களை வலைவீசிப் பிடித்துவந்து சலுகைகள் கொடுத்துக்கொண்டிருந்தன. சிகாகோவிலோ ஆட்டக்காரனும் மற்றவர்களைப் போல உட்கார்ந்து படித்தாக வேண்டும். விளைவு 1939-இல் தெரிந்தது: மிச்சிகனிடம் 85-0, ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0, ஹார்வர்டிடமும் 61-0. அந்த டிசம்பரில் ஹட்சின்ஸ் டீமையே கலைத்துவிட்டார். படிப்புக்கும் இந்த வியாபாரத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி. நம்ம ஊர் வானியல் விஞ்ஞானி சந்திரசேகர் 1937-லேயே அங்கே சேர்ந்துவிட்டார், ஆனால் அவர் இருந்தது பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் இருந்த அவர்களுடைய வானாய்வகத்தில், இந்தக் கூச்சலுக்கெல்லாம் வெகு தூரத்தில்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. இப்படி ஒரு துணிச்சலா! ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு பை டூ காபி குடிக்கும்போது ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தன் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஜெயிக்கிற டீமைக் கலைச்சிருந்தா அது கொள்கை. எண்பத்தஞ்சு வாங்கினப்புறம் கலைச்சா அதுக்குப் பேரு என்னடா?"

பதில் சொல்ல வரவில்லை. இருந்தாலும் நான் இன்னும் ஹட்சின்ஸ் பக்கம்தான். தோற்ற டீமைக் கலைக்க யாருக்குத்தான் மனசு வந்தது, எல்லோரும் கோச்சைத்தானே மாற்றுகிறார்கள்.

ஆட்டம் நின்று காலியாகக் கிடந்த அதே ஸ்டாக் ஃபீல்டில், மேற்குப் பக்கத்துக் கேலரிக்கு அடியில் இருந்த ஸ்குவாஷ் அறையில்தான், 1942 டிசம்பர் 2 அன்று இயற்பியல் விஞ்ஞானி ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் அடுக்கி, உலகத்திலேயே முதல் முறையாக மனிதர் உண்டாக்கிய அணுத் தொடர்வினையை (ஒரு அணு பிளந்து அடுத்ததையும் பிளக்கவைத்துத் தானாகவே தொடர்வது) நடத்திக் காட்டியது. மாமா "ம்" என்றார். அவ்வளவுதான். 1969-இல் மறுபடி டீம் வந்தது, சின்ன அளவில், ஆட்டத்துக்கென்று ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லாத பிரிவில். இதற்கு மட்டும் நிமிர்ந்தார். "அப்ப எதுக்குடா முட்டியை உடைச்சிக்கிறானுங்க?"

பழைய மைதானத்தை இடித்து அங்கே பெரிய நூலகம் கட்டிவிட்டார்கள். அக்கா மகள் போன வாரம் அதன் வாசலில் நின்று ஒரு படம் அனுப்பியிருந்தாள், தொப்பியும் ஜாக்கெட்டுமாக. மாமா என் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கி, அவள் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் இருந்த புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோல்போஸ்ட் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அவளைக் கேளு."